நடுவரின் கண்

பொதுக்காலம் 8ஆம் ஞாயிறு – 02.03.2025
வானொலியில் ஒலிபரப்பான மறையுரை
வாசகங்கள்: சீராக் 27:4-7, 1 கொரிந்தியர் 15:54-58, லூக்கா 6:39-45

  

இன்று பிற்பகல் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் மதியச் சோற்றைத் தட்டோடு தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய்விடுவார்கள். வரும் புதன்கிழமையோ திருநீற்றுப் புதன். நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிறது. கிரிக்கெட்டுக்கும் தவக்காலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இன்றைய நற்செய்தி தீர்ப்புச் சொல்லும் கண்ணைப் பற்றிப் பேசுகிறது. மைதானத்தில் அந்தக் கண்ணை நம்பியே நிற்கிற ஒருவர் இருக்கிறார். அவர்தான் நடுவர், நாம் அம்பயர் என்று அழைக்கிறவர். இன்று அவரைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் நற்செய்தியைப் பார்ப்போம். சகோதரருடைய கண்ணில் கிடக்கும் துரும்பைக் காண்கிற நாம், நம் கண்ணில் கிடக்கும் மரக்கட்டையைக் காண்பதில்லை என்கிறார் ஆண்டவர். மூல மொழியான கிரேக்கத்தில் இந்த மரக்கட்டைக்கு நிற்கும் சொல், வீட்டின் கூரையைத் தாங்கும் உத்தரத்தைக் குறிப்பது. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர் இயேசு. துரும்பு எது, உத்தரம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணில் உத்தரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் கண்ணில் தூசு எடுக்கப் போகிறவரைக் கற்பனை செய்து பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்த மக்கள் சிரித்திருப்பார்கள். சிரித்த பிறகு, இது நம்மைத்தானே சொல்கிறார் என்று உள்ளுக்குள் சுருக்கென்று தைத்திருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறர் கண்ணில் இருக்கும் துரும்பை எடுக்கவே கூடாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணைச் சரிசெய், அப்போது தெளிவாகக் காண்பாய், பிறகு சகோதரருக்கு உதவலாம் என்பதே அவர் காட்டும் வரிசை. பெற்றோர் பிள்ளைகளுக்கு, ஆசிரியர் மாணவருக்கு, ஊர்ப் பஞ்சாயத்தார் ஊர் மக்களுக்கு, பங்குத்தந்தையராகிய நாங்கள் இறைமக்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நேரங்கள் வரத்தான் செய்கின்றன. தெளிவான கண்ணோடு அதைச் சொல்கிறோமா என்பதே இன்றைய கேள்வி.

அன்பிற்குரியவர்களே, சென்னையில் பிறந்த சீனிவாசராகவன் வெங்கட்ராகவன் என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்கு நன்கு தெரியும். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த பொறியாளர். 1965ஆம் ஆண்டு 19 வயதில் இந்திய அணிக்குள் வந்தார். ஆஃப் ஸ்பின் பந்துவீச்சாளராக 57 டெஸ்ட் ஆட்டங்களில் 156 விக்கெட்டுகள் எடுத்தார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் ஆகியோரோடு சேர்ந்து உலகமே பேசிய சுழற்பந்து நால்வரில் ஒருவர். 1975, 1979 ஆகிய முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்திய அணிக்குத் தலைவர்.

பிறருடைய தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதை அனுபவித்துப் பார்த்தவரும் அவர். 1974 டிசம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவு அணிக்கு எதிராக அவர்தான் இந்தியாவின் தலைவர். அடுத்த டெஸ்டில் ஆடும் பதினொருவரில்கூட அவருக்கு இடமில்லை, பன்னிரண்டாவது ஆள். 1979 இங்கிலாந்துப் பயணம் முடிந்த கையோடு தலைமைப் பொறுப்பும் அவரிடமிருந்து போய்விட்டது. நம்மில் எத்தனையோ பேருக்கு இப்படி நடக்கிறது. நேற்றுவரை நாற்காலியில் இருந்தவரை இன்று யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதன்பின் பலர் கசப்போடு ஒதுங்கிவிடுகிறார்கள்.

வெங்கட்ராகவன் ஒதுங்கவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றபின் நடுவராக மைதானத்துக்குத் திரும்பினார். ஒரு நாட்டு அணிக்குத் தலைவராக இருந்தவர், கைதட்டலே கிடைக்காத ஒரு வேலைக்கு வந்தார். 1993 ஜனவரியில் கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இந்தியா – இங்கிலாந்து ஆட்டம், டெஸ்ட் நடுவராக அவருக்கு முதல் ஆட்டம். அதிலிருந்து 2004 வரை 73 டெஸ்ட் ஆட்டங்களுக்கும் 52 ஒருநாள் ஆட்டங்களுக்கும் நடுவராக நின்றார். 1999 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தலா 213 ஓட்டங்களில் சமன்செய்த, கிரிக்கெட் உள்ளவரை பேசப்படும் அந்த ஆட்டத்தில் இருந்த இரண்டு நடுவர்களில் அவர் ஒருவர். 2002இல் உலகக் கிரிக்கெட் மன்றம் தலைசிறந்த நடுவர்கள் எட்டுப் பேரைத் தேர்ந்து ஒரு குழுவாக அமைத்தபோது, அதில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான்.

அந்த வேலை எளிதன்று. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. பாதிக்குப் பந்து வீசும் முனையில் நிற்க வேண்டும், பாதிக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஐந்து நாளும் வெயிலில்தான். வேகப்பந்து கையைவிட்டுப் புறப்பட்டு மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை வினாடிதான் ஆகும். அதற்குள் பந்து வீசியவரின் கால் கோட்டைத் தாண்டியதா, பந்து எங்கே விழுந்தது, மட்டையில் பட்டதா, காலில் பட்டதா, கால் இல்லாவிட்டால் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று அத்தனையும் பார்த்தாக வேண்டும். உடனே பதினொரு பேரும் அவரை நோக்கிக் கத்துவார்கள். அரங்கத்தில் இருக்கும் பல்லாயிரம் பேரும் கத்துவார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே அவர் தாம் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

சத்தத்துக்குப் பணிந்த ஒரு நடுவரை நாம் அறிவோம். ஒவ்வொரு ஞாயிறும் நம்பிக்கை அறிக்கையில் அவர் பெயரைச் சொல்கிறோம். பிலாத்து இயேசுவிடம் குற்றம் காணவில்லை என்று மூன்று முறை சொன்னதாக லூக்கா எழுதுகிறார். உண்மை அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கூட்டத்தின் குரல் ஓங்கியது, தீர்ப்பு மாறியது. நம் குடும்பங்களிலும் ஊர்களிலும் அநீதியான தீர்ப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. உண்மை தெரியும், ஆனாலும் கத்துகிறவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

அன்பிற்குரியவர்களே, நடுவரின் பணியிலிருந்து இந்தத் தவக்காலத்துக்கு மூன்று பாடங்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடம்: தன் வழக்கில் தானே நடுவராக இருக்க முடியாது.

சம்பா அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. நம் ஊர்ப் பையன்களுக்கு இப்போது அவைதான் மைதானம். கடற்கரை மணலிலும் இதே ஆட்டம்தான். அங்கே யார் அம்பயர் தெரியுமா? மட்டை பிடிக்கும் அணியின் பையன்தான்! தன் அணிக்காரன் அவுட் ஆனால் அவன் கை தூக்குவானா? அதனால்தான் ஆட்டம் பாதியில் சண்டையில் முடிகிறது. பெரியவர்களின் கிரிக்கெட்டிலும் இந்தச் சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டுக்காரரே நடுவர் என்பதால், தோற்ற அணி நடுவர்மேல் பழிபோடும். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதின. பாகிஸ்தான் தலைவர் இம்ரான் கானின் முயற்சியால் வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இரண்டு இந்தியர்கள் அங்கே நடுவர்களாக நின்றார்கள். தன் சொந்த மண்ணில், பக்கத்து நாட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஒருவர் இடம்கொடுத்தார். இன்று மூன்றாம் நாட்டு நடுவர் என்பது வழக்கமாகிவிட்டது.

நம் குடும்பச் சண்டைகளில் நாம் மட்டை பிடிக்கும் அணியின் அம்பயர்கள். நம் பிள்ளை தவறு செய்தால் வயதுக் கோளாறு, மருமகள் செய்தால் வளர்ப்புச் சரியில்லை. நாம் கோபப்பட்டால் நியாயம், அடுத்தவர் கோபப்பட்டால் திமிர். கண்ணில் கிடக்கும் உத்தரம் இதுதான். பக்கத்துத் திருவாரூரில் கோயில் அருகே கல்தேர் ஒன்று நிற்கிறது. தன் மகன் என்றும் பாராமல் நீதி வழங்கியதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனின் நினைவு அது. அந்தக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் மகன் குற்றவாளியாக நிற்கும் நாளில் அதை மறந்துவிடுகிறோம்.

தாவீது அரசரையும் நினைத்துப் பாருங்கள். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட பணக்காரனைப் பற்றி நாத்தான் இறைவாக்கினர் சொன்னபோது, தாவீது கொதித்தெழுந்து உடனே தீர்ப்புச் சொன்னார். அந்த மனிதன் தாமே என்று கேட்டபோதுதான் அவர் கண் திறந்தது. நமக்கும் ஒரு நாத்தான் வேண்டும். மனைவியாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம், ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்திருக்கும் அருள்பணியாளராக இருக்கலாம்.

இரண்டாம் பாடம்: கேட்டபின் தீர்ப்பு, ஐயம் இருந்தால் இரக்கம்.

கிரிக்கெட் சட்டத்தில் அழகான ஒரு விதி உண்டு. பந்து வீசும் அணி முறையிட்டுக் கேட்காமல் நடுவர் யாரையும் அவுட் கொடுக்கக் கூடாது. கேட்காத வழக்குக்கு அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. நாமோ தெருமுனையில், தேநீர்க்கடையில், செல்பேசிக் குழுக்களில் யாரும் கேட்காமலே எத்தனை பேருக்குக் கை தூக்கிவிடுகிறோம்! இரண்டாவது, நெடுங்கால மரபு ஒன்று. நடுவருக்கு ஐயம் இருந்தால் அதன் பலன் மட்டையாளருக்கே. ஒருமுறை அவுட் ஆனால் அவர் ஆட்டம் முடிந்தது. ஆகவே உறுதியாகத் தெரியாதபோது அவரை வெளியே அனுப்பக் கூடாது. ஒருவருடைய நற்பெயரும் அப்படித்தான். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் ஒரு சொல் சொல்லிவிட்டால், பிறகு அது பொய் என்று தெரிந்தாலும் அவளுக்கு இரண்டாவது இன்னிங்ஸ் கிடைப்பதில்லை.

இன்றைய முதல் வாசகம், ஒருவர் பேசுவதைக் கேட்பதற்கு முன் அவரை மதிப்பிட்டுவிடக் கூடாது என்று அறிவுறுத்துகிறது. கிரிக்கெட் நடுவர் பணி பெண்களுக்கு ஒத்துவராது என்றுதான் நெடுங்காலம் யாரையும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தார்கள். சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் மென்பொருள் துறையில் நல்ல வேலையில் இருந்தவர். நடுவராக வேண்டும் என்ற ஆசையோடு மாநிலக் கிரிக்கெட் சங்கத்தை மீண்டும் மீண்டும் அணுகினார். வாய்ப்புத் திறந்ததும் தேர்வு எழுதி, வேலையை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்தார். 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களில் முதன்முறையாக மூன்று பெண்கள் நடுவர்களாக நின்றார்கள். அவர்களில் ஜனனி ஒருவர். மற்றொருவரான விருந்தா ராத்தி கோவாவில் நின்ற ஆட்டம், நம் புதுச்சேரி அணி ஆடிய ஆட்டம். மரத்தை அதன் கனியால் அறிய வேண்டும் என்கிறார் ஆண்டவர். கனி வரும்வரை காத்திருக்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா?

மூன்றாம் பாடம்: தவறினால் ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொண்டவரை ஏற்றுக்கொள்வது.

எவ்வளவு நல்ல கண்ணும் தவறும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். அங்கே பேஸ்பால் என்ற ஆட்டத்துக்கு நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு இருக்கும் மதிப்பு. பந்து வீசுபவர் எதிரணியின் 27 பேரை வரிசையாக, ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல் வெளியேற்றிவிட்டால், அது குறையே இல்லாத முழுமையான ஆட்டம். நூற்றாண்டுக்கும் மேலான வரலாற்றில் 2010 மே மாதம் முடிய அது 20 முறைதான் நடந்திருந்தது.

2010 ஜூன் 2ஆம் நாள் டிட்ராய்ட் நகரில், வெனிசுவேலா நாட்டைச் சேர்ந்த அர்மாண்டோ கலராகா என்ற 28 வயது இளைஞர் 26 பேரை வரிசையாக வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒரே ஒருவர். அந்த 27ஆவது ஆள் பந்தை அடித்துவிட்டு ஓடுகிறார். பந்து அவருக்கு முன்னால் தளத்துக்கு வந்துவிடுகிறது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கைகளையும் விரித்து, அவுட் இல்லை என்று காட்டிவிட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்ட, நல்ல பெயர் எடுத்த நடுவர் அவர். கலராகா கத்தவில்லை, சண்டைக்குப் போகவில்லை. ஒரு புன்னகையோடு திரும்பி நடந்து அடுத்த ஆளுக்குப் பந்து வீசினார், அவரை வெளியேற்றி ஆட்டத்தை முடித்தார்.

ஆட்டம் முடிந்து தம் அறைக்குப் போன ஜாய்ஸ் பதிவைப் போட்டுப் பார்த்தார். தவறு பளிச்சென்று தெரிந்தது. காரணம் தேடவில்லை, வெளிச்சத்தைக் குறை சொல்லவில்லை. அந்த இளைஞரின் முழுமையான ஆட்டத்தைத் தாமே பறித்துவிட்டதாகச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். கலராகாவைச் சந்தித்துக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். கலராகா அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். மறுநாள் அதே மைதானத்தில் அடுத்த ஆட்டம். வீரர்களின் பெயர்ப்பட்டியலை நடுவரிடம் கொடுப்பதற்கு டிட்ராய்ட் அணி அனுப்பியது யாரை என்கிறீர்கள்? கலராகாவைத்தான். அத்தனை பேர் முன்னிலையில் அவர் பட்டியலை நீட்ட, ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அன்பிற்குரியவர்களே, இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு திருத்தப்படவில்லை. பேஸ்பால் நிர்வாகம் மாற்ற மறுத்துவிட்டது. கலராகா இழந்தது இழந்ததுதான். மன்னிப்பு என்பது பதிவேட்டை அழிப்பதில்லை. நம் வாழ்க்கையிலும் அப்படித்தான். பங்கிட்டபோது போன அரைக் குழி நிலம் திரும்பாமல் போகலாம். பேசாமல் கழிந்த பத்து ஆண்டுகள் திரும்பி வரவே வராது. அம்மாவின் அடக்கத்துக்கு வராமல் போன தம்பி இனி வந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆனாலும் அந்த மைதானத்தில் ஒன்று மாறியது. இரண்டு மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. இழந்ததைத் திரும்பப் பெறாமலேயே மன்னிக்க முடியும் என்பதற்கு கலராகா சாட்சி. மன்னிக்கப்படுவோம் என்ற உறுதி இல்லாமலேயே தவறை ஒப்புக்கொள்ள முடியும் என்பதற்கு ஜாய்ஸ் சாட்சி.

பங்குத்தந்தையராகிய நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காட்சியைப் பீடத்திலிருந்து காண்கிறோம். அண்ணன் ஆலயத்தின் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். சமாதானம் பகிரும் நேரத்தில் முன்னால் இருப்பவருக்கு வணக்கம், பின்னால் இருப்பவருக்கு வணக்கம், அந்தப் பக்கம் மட்டும் முகம் திரும்பாது. பிறகு இருவரும் ஒரே வரிசையில் வந்து ஒரே ஆண்டவரின் உடலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இருவரிடமும் தனித்தனியே கேட்டால், இருவரும் நடுவர்கள். அடுத்தவர் செய்த தவறைத் தேதியோடு சொல்வார்கள். முதலில் யார் கை நீட்டுவது என்ற கேள்விக்கு மட்டும் இருவரிடமும் விடை இருக்காது. ஜாய்சின் இடத்தில் இருப்பவர் நீட்டலாம், கலராகாவின் இடத்தில் இருப்பவரும் நீட்டலாம். யார் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால், இன்றைய நற்செய்தியின்படி முதலில் நம் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும்.

மனித நடுவருக்கும் இறைவனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நடுவர் அரை வினாடியில் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார். இறைவன் நம் உள்ளத்தின் ஆழம்வரை காண்கிறார். அனைத்தையும் காண்கிறவர் மிகக் கடுமையான நடுவராக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அனைத்தையும் காண்கிற அவரே மிக அதிகமாக மன்னிக்கிறார். மனிதரால் அழிக்க முடியாத பதிவேட்டை அவர் அழிக்கிறார். நமக்கு எதிராக இருந்த கடன்பத்திரத்தைச் சிலுவையில் ஆணியடித்து ஒழித்துவிட்டார் என்று கொலோசையருக்கு எழுதுகிறார் திருத்தூதர் பவுல். 2025இல் நம் திருஅவை கொண்டாடிய யூபிலியின் பொருளும் இதுதான். கடன்கள் தள்ளுபடியாகும் ஆண்டு அது.

வரும் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வோம். அதற்கு முன் மூன்று நாள்கள் இருக்கின்றன. நாம் தீர்ப்புச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்ட ஒருவருடைய பெயரை ஒரு தாளில் எழுதுவோம். அவர் தரப்பை நேரில் கேட்டிருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்போம். ஐயத்துக்கு இடம் இருக்குமானால் அதன் பலனை அவருக்குக் கொடுப்போம். தவறு நம் பக்கம் என்று தெரிந்தால், பாஸ்கா வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பேசுவோம். நேரில் முடியாவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்வோம். கிரிக்கெட் சட்டமே நடுவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது, ஆனால் உடனே மாற்ற வேண்டும் என்கிறது. காலம் தாழ்த்தினால் அடுத்த பந்து வந்துவிடும். சிலருக்கு அடுத்த பந்து வராமலும் போகலாம்.

நாம் எடுக்கும் முயற்சியை யாரும் பாராட்டாமல் போகலாம். ஐந்து நாள் வெயிலில் நின்ற நடுவருக்காக யாரும் மாலை வாங்குவதில்லை. ஆண்டவருக்காக உழைத்த உழைப்பு வீணாகாது என்று இரண்டாம் வாசகத்தில் பவுல் உறுதி தருகிறார். அது நமக்குப் போதும்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள தந்தையே, எங்கள் கண்களைத் தூய்மையாக்கும். பிறரைக் காணுமுன் எங்களைக் காணச் செய்தருளும். பேசாமல் இருக்கும் உடன்பிறப்புகள் இத்தவக்காலத்தில் பேசிக்கொள்ள வழிகாட்டும்.  நீதிமன்றங்களிலும் பஞ்சாயத்துகளிலும் பள்ளிகளிலும் மைதானங்களிலும் தீர்ப்புச் சொல்லும் அனைவருக்கும் தெளிந்த கண்ணும் இரங்கும் மனமும் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

– பங்குத்தந்தை